மாமன் எடுத்த பட்டுச் சட்டை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காதுகுத்து. கரிக்கலாம்பாக்கத்தில், எங்கள் குலதெய்வக் கோயிலில். ஐந்து வயதாகிறது. காது குத்தும்போது ஊரையே கூட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் ஆசாரி பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கச்சேரி ஆரம்பமாகிவிட்டது... துணி மாற்றும்போதே!

தாய்மாமன் எடுத்து வந்த பட்டுப்பாவாடை சட்டை. அதைப் போட்டுக்கொண்டு, மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். என் தம்பி திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்ப்பவன். லீவு கிடைத்த ஒரே நாளில் கடை கடையாக ஏறி இறங்கி, மருமகளுக்கென்று பொறுக்கி எடுத்தது. அதைத்தான் இவள் கழற்றி எறிகிறாள்.

"உறுத்துதும்மா... எனக்கு வாணாம்!"

"மாமா ஆசையா வாங்கியாந்ததுடி. ஒரு அரை மணி நேரம் போட்டுக்கடி."

"வாணாம்னா வாணாம்!"

இவள் எப்போதும் இப்படித்தான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். சாக்ஸின் தையல் விரலில் பட்டால், ஸ்கூல் வேன் வாசலில் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டாள். உப்புமாவில் ஒரு கடுகு பல்லில் சிக்கினால் தட்டையே தள்ளிவிடுவாள். ஆனால் சேற்றில் இறங்கி முழங்கால் வரை அப்பிக்கொள்ளும்போது மட்டும் ஒன்றும் உறுத்தாது! இதற்கு யாராவது எனக்கு விளக்கம் சொல்லுங்களேன்?

என் மாமியார் உடனே கண்டுபிடித்துவிட்டார். "கொழந்தைக்குக் கண்ணு பட்டுட்ச்சி. சுத்திப் போடு." அவரே மிளகாயும் உப்பும் சுற்றி, பொங்கல் அடுப்பில் போட்டார். நெடி ஏறி மொத்தக் கூட்டமும் இருமியது. மகளுக்குக் கண்ணும் மூக்கும் எரிய, அழுகை இரண்டு மடங்கானது. நெடி வந்தால் கண்ணே படவில்லை என்று அர்த்தமாம் — அதையும் மாமியாரேதான் சொன்னார்!

எனக்குப் பொறுமை போய்விட்டது. முதுகில் ஒன்று வைத்தேன்.

"வுடுக்கா. புடிக்கலன்னா இன்னா பண்றது?" என்றான் தம்பி. முகம் சுருங்கிப் போயிருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. அவள் எறிந்த சட்டையை எடுத்துத் தட்டினான். என்ன தோன்றியதோ, அதன் கைக்குள் தன் கையை விட்டுப் பார்த்தான்.

"யக்கா, உள்ள தொட்டுப் பாரேன். ஜரிகை நூலு முழுக்க முள்ளு முள்ளா நிக்குது."

சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி அவளுக்கு மாட்டிவிட்டான். அழுகை நின்றது. தானே போய் மாமன் மடியில் ஏறிக்கொண்டாள்.

காது குத்தியபோதா? "ஸ்ஸ்" என்றாள். ஒரு வாழைப்பழம் கேட்டாள். அவ்வளவுதான். போட்டோ முழுக்க நூல் தொங்கும் சட்டையோடு இளிக்கிறாள். மாமியார் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் பட்டு ஜாக்கெட்டைக் கழற்றினேன். ஜரிகை பட்ட இடமெல்லாம், இரண்டு கையிலும், சிவந்து தடித்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு விசேஷத்துக்கும் இதே தடிப்புதான்.

காலையிலிருந்து எனக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது... வாயைத் திறந்து சொன்னவளைத்தான் அடித்திருக்கிறேன்.