நாற்பத்தெட்டு நாள் கோழி

நடந்தவை இவை.

1. பெஹாலாவில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, டாலிகஞ்ச் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த பெங்காலி வினாடி வினா நிகழ்ச்சிக்குத் தேர்வானார்.
2. பரிசு ஸ்கூட்டர் என்று தெரிந்ததும் முதலில் ஹெல்மெட் வாங்கினார்.
3. பதில் தெரியாவிட்டால் தொலைபேசியில் ஒருவரிடம் கேட்கலாம். அதற்கு அப்பாவின் பெயரைக் கொடுத்தார்.
4. கடைசிக் கேள்வி: கோழி எத்தனை நாள் அடைகாக்கும்?
5. அப்பா பதில் சொன்னார்.
6. ஸ்கூட்டர் வரவில்லை.

வேலையில் பிழை வந்தால் இப்படி எழுதிவைத்துத்தான் அது எங்கே என்று தேடுவேன். இந்தப் பட்டியலில் அது எனக்கு அகப்பட வெகுகாலம் ஆயிற்று.

அப்போது எனக்கு எட்டு வயது. குளிர்காலப் பிற்பகல். லேக் கார்டன்ஸ் வீட்டில் வெயில் மெல்லச் சுவரேறிக்கொண்டிருந்தது. கம்பளிகளிலிருந்து பாச்சை உருண்டை வாசனை வந்து, எல்லோரும் பாதித் தூக்கத்தில் நடமாடுவதுபோல் இருந்தது. அப்பா மட்டும் காலையிலேயே சவரம் செய்து, தேய்த்த சட்டையில், மடியில் பொது அறிவுப் புத்தகத்தோடு தொலைபேசிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நடுநடுவே ரிசீவரை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்.

மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தது. அப்பா கேள்வியை உரக்கத் திருப்பிச் சொன்னார். அடுக்களையிலிருந்து அம்மா ஈரக்கையோடு வந்தாள்.

"இருபத்தோரு நாளுங்க."

அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, பெங்காலியில் நாற்பத்தெட்டு என்றார். சந்தேகமே வேண்டாம் என்றும் சொன்னார். ரிசீவரை வைத்தபின் எங்களுக்கு விளக்கினார்: "எதுக்கும் ஒரு மண்டலம்னு கணக்கு இருக்கு."

ஒரு மாதம் கழித்து நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது மாமாவும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். அப்பாவின் குரல் கணீரென்று வந்தது. அதன் பின்னால், தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல், அம்மாவின் இருபத்தோரு நாள். அந்த அரங்கில் தமிழ் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். திரையில் அவர் லேசாகச் சிரித்தார். பிறகு, அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பெங்காலியில் சொல்லி, நாற்பத்தெட்டு என்றார். அரங்கம் சிரித்து ஓய நேரமாயிற்று.

"பண்ணைக் கோழிக் கணக்கச் சொல்றானுங்க," என்றார் அப்பா. "நாட்டுக் கோழி வேற."

"ஆமா அத்தான். நாட்டுக் கோழி வேற."

அம்மா தம்பியின் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

தெருவில் மாமாவை 'டிம்-தா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், முட்டை அண்ணன். வெட்கத்தில் நான் அவரோடு வெளியே போக மறுத்தேன். தன் அக்கா சொன்னதுகூடக் காதில் விழாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அம்மா பேச்சுவாக்கில் சொன்னாள்: "சின்ன வயசுல எங்க வீட்டுல கோழிய அடைக்கு வச்சா, காலண்டர்ல நாள் எண்றது உங்க மாமாதான்."

"அப்ப எதுக்கு மாமா அப்பாவைக் கேட்டாரு?"

"அத்தான் சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்காருன்னு அன்னைக்குக் காலையிலயே போன்ல அவன்கிட்ட நான்தான் சொன்னேன்."

அப்பாவிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. மாமா இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். ஹெல்மெட் அவர் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. அதில் வெங்காயம் போட்டுவைத்திருக்கிறார்கள்.