அத்தை சொன்ன கண்மலர்

என் மனைவி ரேவதி இறந்து மூன்று மாதம் ஆகிறது. அவள் கண்களைத் தானம் கொடுக்கக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

"அடுத்த பெறவியில எம்மக கண்ணில்லாமப் பொறப்பாளே" என்று அழுத அத்தை, அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. கருவிழியை எப்படி மாற்றுகிறார்கள் என்று படம் வரைந்துகூடக் காட்டினேன். நான் படித்த இஞ்சினியரிங் அவரிடம் எடுபடவில்லை.

இன்று காலை திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை பஸ். அத்தை முன் சீட்டில், நான் பின் சீட்டில்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஊர்க்காரப் பெண் ஆரம்பித்தார்.

"ஏன் மதினி, ஒங்க மாப்ள கண்ணத் தோண்டிக் குடுத்துட்டாராமே? சாமி குத்தமில்லையா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தை கேட்டார். "ஏன்டி, ஒனக்குக் கண்ணுல நோவு வந்தப்ப மாரியாத்தாளுக்கு என்ன வச்ச?"

"வெள்ளித் தகட்டுல கண்மலரு வாங்கி வச்சேன்."

"நீ தகட்டுல வச்ச. எம்மக நெசக் கண்ணையே வச்சுட்டுப் போயிருக்கா. ஆத்தா அத வேணாம்னு தள்ளிருவாளா?"

நாலு சீட்டுக்குக் கேட்டது.

ரேவதி போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. இன்று மட்டும், இவுக என் அத்தை என்று எழுந்து நின்று பஸ் முழுக்கச் சொல்லத் தோன்றியது.

இறங்கியதும் அத்தை என்னிடம் வந்தார். "மாப்ள, எனக்குக் கண்ணுல பொறை இருக்கே. எங்கண்ண வாங்கிக்கிருவாகளா?"

வாங்கிக்கொள்வார்கள். வேறு சந்தேகம் உள்ளவர்கள் இந்தப் பதிவின் கீழே கமெண்டில் கேளுங்கள். பதில் சொல்ல இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.