ஹீட்டர் ஃபேனும் விதவை தோஷமும்

மலையூரான ஜமுனாமரத்தூரின் புளி வியாபாரி மோகனின் கார் பதினேழு வருடம் பழையது. அதற்கு ஆயில் மாற்ற மறந்தாலும் மறப்பார், வெள்ளிக்கிழமைப் பூசையை மறக்கமாட்டார். பானெட்டில் குங்குமம், முன்கண்ணாடியின் அடியில் சாமந்திச் சரம், அதன்மேல் ஒரு பிடி அட்சதை. வாடிய பூ எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. சாமிக்குப் போட்டது சாமியிடமே போய்விடும் என்று நினைத்திருப்பார்.

காரை ஓட்டுபவர் நீலாவதி, அதே மலையின் நெல்லிவாசல்நாட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் அடிவாரத்து ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். கணவர் வெற்றிவேல் இன்னொருவரின் ஷேர் ஜீப்பை ஓட்டினார். கணவரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டு நீலாவதி லைசென்ஸும் வாங்கினார். நான்கு வருடத்துக்கு முன் மஞ்சள்காமாலை வெற்றிவேலைக் கொண்டுபோனது. மந்திரிக்க மூன்று பேர் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கொடுக்க ஒருவரும் வரவில்லை, அந்த ஜீப்பின் சொந்தக்காரர் உட்பட. அதன்பிறகு நீலாவதி தன் இரண்டு மகள்களையும் மோகனின் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் வளர்க்கிறார்.

மார்கழி விடியலில் மலையில் காருக்குள் நாலு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி வெளுத்துவிடும். ஹீட்டர் ஃபேன் சூடான காற்றை ஊதினால்தான் வளைவு கண்ணுக்குத் தெரியும். சென்ற வாரம் திருப்பத்தூர் போகும் வழியில் அந்த ஃபேன் நின்றது. நீலாவதி வளைவுக்கு வளைவு நிறுத்தி, துண்டால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, முதலாளியை உயிரோடு கீழே இறக்கினார்.

இறங்கிய முதலாளி மெக்கானிக்கிடம் போகவில்லை. ஜோதிடரிடம் போனார். காருக்கு ஜாதகம் பார்த்தார்கள். வாங்கிய தேதியே பிறந்த தேதியாம். இரும்புக்கு ராசிக்கட்டம் போடும் மூளைக்குப் பழியைச் சுமத்த ஒரு பெண் கிடைப்பதா கஷ்டம்? ஸ்டியரிங்கைப் பிடிப்பது யார் என்று ஜோதிடர் கேட்டார். விதவை என்று இவர் சொன்னார். அதோடு கட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை காலை உஸ்மானின் டீக்கடையில் எட்டுப் பேர் முன்னிலையில் மோகன் தீர்ப்பு வாசித்தார்.

"தாலி இல்லாத கை பட்டா வண்டிக்கு ஆவாதாம். நாளையிலேர்ந்து என் மச்சான் விஜயராஜ் ஓட்டுவான்."

நீலாவதி அங்கேதான் நின்றிருந்தார். மலையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வண்டிகள். இந்தச் சொல் நிலைத்துவிட்டால் வேறு எவரும் அவரிடம் சாவி கொடுக்கப்போவதில்லை.

"மொதலாளி, மத்தியானம் வரைக்கும் வண்டிய வுடுங்க. கை கெட்டுதா, ஃபேன் கெட்டுதான்னு பாத்துச் சொல்றேன்."

"தோஷத்துக்கு ஸ்பேனர் புடிக்கப் போறா," என்றபடி மோகன் சாவியைத் தூக்கிப் போட்டார். டெம்போ வைத்திருக்கும் பழனி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நீலாவதி முதலில் பியூஸைப் பார்த்தார், எரிந்திருந்தது. புதிதாகப் போட்டு சுவிட்சைத் திருப்பினார். அதுவும் எரிந்தது. மூன்றாவது பியூஸைப் போடும் முன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டார். இப்போது சுவிட்சைத் திருப்பினால் பியூஸ் எரியவில்லை. அப்படியானால் ஒயரில் கோளாறு இல்லை. மோட்டார்தான் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கிறது. பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை நேராகக் கொடுத்து ஒரு நொடி தொட்டார். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. நூல் சிக்கிய தையல் மெஷினில் ஆறு வருடம் கேட்ட உறுமல் அது. டேஷ்போர்டின் அடியில் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனைக் கீழே இறக்கினார்.

உள்ளே ஒரு கோயில் குப்பைத்தொட்டியே இருந்தது. கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுச் சல்லடை வழியே விழுந்த சாமந்தி கருகி மக்கிக் கிடந்தது. அட்சதை அரிசியைத் தின்ன வந்த எலி போட்ட புழுக்கை. சரம் கட்டிய வாழைநார் ஃபேனின் தண்டில் இறுகச் சுற்றியிருந்தது. நாரை அறுத்து, துடைத்து, திரும்ப மாட்டினார். ஃபேன் ஊதியது.

குப்பையை ஒரு தாளில் கொட்டி டீக்கடைக்கு எடுத்துப்போனார். முடிவு பார்க்க எட்டுப் பேரும் கலையாமல் இருந்தார்கள். மோகனின் முதல் வாக்கியம்:

"சாமி பூவு. கீழ போடாத."

இரண்டாவது வாக்கியம் அதைவிட மோசம். "நேத்து எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டேன். பரிகாரம் பலிச்சிட்ச்சி."

"அப்போ எலுமிச்சம்பழமா அந்த ஸ்க்ரூவக் கழட்டிச்சி?" என்றார் உஸ்மான், டீ ஆற்றுவதை நிறுத்தாமல்.

"சரி சரி. நாளைக்கு அஞ்சு மணிக்கு லோடு பேச திருப்பத்தூரு போவணும். வந்துடு நீலா."

"வர்றது அப்புறம் மொதலாளி. காலையில எட்டுப் பேரு முன்னால சொன்னீங்க. அவங்க இங்கதான் இருக்காங்க. மாத்திச் சொல்லுங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மச்சானை மோகன் பார்த்தார். விஜயராஜ் டம்ளருக்குள் பார்த்தான். "பனியில அந்த வளைவெல்லாம் என்னால ஆவாது மாமா."

தெய்வ வாக்குக்கு அவ்வளவுதான் ஆயுள். வியாபாரம் கெடும் என்றதும் மோகன் தரையைப் பார்த்தபடி முனகினார். "பூதான் மாட்டிக்கிச்சி."

"என் கை?"

"உன் கைமேல தப்பில்ல."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அது அந்த வாயில் விளையாத பயிர். நீலாவதி அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. சொல்ல வேண்டியது எட்டுப் பேர் காதிலும் விழுந்துவிட்டது. சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

"நீலா," என்று கூப்பிட்டார் பழனி. "ஞாயித்துக்கெழமையில நம்ம டெம்போவுக்கு ஆளு இல்ல. ஓட்டுறியா?"

"காலையில சிரிச்சது நீங்கதான?"

"ஆமா."

"யோசிச்சிச் சொல்றேன்."