வாழை இலையோடு ராயபுரம்

போன மாதம் எங்கள் லால்குடித் தோப்பில் ரஸ்தாளி வாழையின் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தன. பார்த்தவரெல்லாம் வாடல் நோய் என்றார்கள். அது உண்மையானால் மரத்தைப் பிடுங்கி எரிக்க வேண்டும், அந்த மண்ணில் பல வருஷம் ரஸ்தாளி வைக்க முடியாது. இரண்டு ஏக்கர்! தோப்பைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி செல்வத்துக்குச் சோறே இறங்கவில்லை. சும்மா ஊர் சுற்றி எழுதுகிற எனக்கு, இந்த முறை காரணத்தோடு ஒரு பயணம்.

பார்க்கப் போனது ராயபுரத்தில் இருக்கும் பிலோமினா அம்மாவை. அவருடைய அப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பலில் வரும் விதையிலும் கன்றிலும் நோய் இருக்கிறதா என்று சோதிக்கும் வேலையில் அங்கே சேர்ந்த முதல் பெண் இவர். பிறகு வாழை வாடலைத் துரத்திக்கொண்டு தமிழ்நாடு முழுக்க அலைந்தார்.

எழும்பூரில் இறங்கி, பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கல் மாறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம். டிக்கெட் ஐந்து ரூபாய். வெளியே கன்டெய்னர் லாரி வரிசை, அப்பப்பா, என்ன வெயில்! அம்மாவிடம் காட்ட எடுத்துவந்த இலை பையில் துருத்துவதைப் பார்த்து ஆட்டோக்காரர், "இன்னா சார், எலையோட கெளம்பிட்ட? எங்க கல்யாணம்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "நம்ம சீக்கு டாக்டரம்மா வூடா? குந்து" என்றார்.

கதவைத் திறந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார். "சீக்குனு சந்தேகம் வந்தா அத்த அங்கியே வெக்கணும். ரயில்ல ஊர்கோலம் இட்டுகினு வருவியா?" என்று இலையைப் பிடுங்கி வாசலிலேயே கொளுத்தினார். எனக்கு மானம் போயிற்று.

"எலைய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது நைனா. தம்பிக்கு வீடியோ போடு, மரத்த குறுக்க வெட்டச் சொல்லு."

உள்ளே செம்பழுப்புக் கோடு ஓடினால் வாடல். செல்வம் அரிவாளை எடுத்தான். வெட்டினான். வெள்ளை! அம்மா விடவில்லை, வேறு வேறு மூலையில் இன்னும் மூன்று மரம் வெட்ட வைத்தார். எல்லாமே வெள்ளை.

"சீக்கு இல்லப்பா, பசி. மண்ண சோதிச்சிட்டு பொட்டாஷ் உரம் வை" என்றார். போனில் தம்பி அழுதான். நானும்தான், இதில் என்ன வெட்கம்?

இதுபோல் யாரையாவது தேடிப் போகிறவர்கள் இலை, மண் எதையும் தூக்கிப் போகாதீர்கள். முதலில் போன் செய்யுங்கள், தோப்பில் அரிவாளோடு ஒரு ஆளை நிறுத்திவையுங்கள். திரும்பும்போது காசிமேட்டில் மீன் வறுவலைத் தவறவிடாதீர்கள்.

என்னைவிட அம்மாவுக்குத்தான் சந்தோஷம் அதிகம் போலிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"எந்தத் தோப்புக்குப் போனாலும் புடுங்கிப் போடுன்னுதான் சொல்லிகினு இருந்தேன். என்னப் பாத்தாலே ஜனம் பயப்படும். இன்னிக்குத்தான் வெச்சுக்கோன்னு சொல்லிகீறேன். இரு, இன்னொரு டீ குடிச்சிட்டுப் போ."