வெட்டிவேர்த் தட்டியும் ஆம்பூர்க் கிழக்கு ஜன்னலும்

ஊரே மழைக்கு ஏங்கும் சித்திரையில், அனல் காற்று இன்னும் நன்றாக அடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற தொழில் எங்களுடையது. வசதியான வீடுகளின் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டுவோம். அதற்குமேல் ஓட்டை போட்ட தகரக் குழாய் வைத்து, மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டவிடுவோம். காய்ந்த காற்று தட்டிக்குள் நுழையும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வேலைக்குத் தன்னிடமுள்ள சூட்டைச் செலவழித்துவிட்டுக் குளிர்ந்து உள்ளே வரும். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். வேலூர்க் கோடையில் என்னோடு சேர்ந்து வெந்தவர்களே, இதைவிட ஆனந்தமான தொழில் உண்டா, சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் நான் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டிக்கொண்டிருந்தேன். கால் தோல் உரிந்து ராத்திரியெல்லாம் எரியும். வேலூர்த் தட்டிக் கடை முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டார். ஆம்பூரில் பெரிய தோல் வியாபாரி ஒருவர் தட்டி கேட்டிருந்தார். "மொதல்ல நாலு வீட்டுல கை பழகு. அப்புறம் அந்த வீடு குளுந்துச்சுன்னா ஆம்பூரே நம்ம பக்கம் வந்துடும். குளுரலன்னா நீ பழையபடி தொட்டில எறங்கிக்கோ."

குளிரைப் பூட்டிவைத்த வக்கீல்

முதலில் வேலூரில் ஒரு வக்கீல் வீடு. மின்சார விசிறி வாங்கி மாட்டியிருந்தார். அது அறையிலிருந்த சூட்டையே கலக்கிக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மேற்கு ஜன்னலில் தட்டியைக் கட்டி, எதிர் ஜன்னலைத் திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் அறை குளிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் கோபமாக ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் அறை இட்லிப் பானைபோல் புழுங்கியது. எதிர் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, இடுக்கில் துணி வேறு அடைத்திருந்தார். உள்ளே இருக்கிற காற்று போனால்தானே புதுக் காற்று வரும்? வந்த கொஞ்சமும் ஈரத்தோடு அங்கேயே தங்கிவிட்டது. நான் போய் ஜன்னலைத் திறந்ததும் அவர் பதறிக்கொண்டு எழுந்தார். "ஏம்ப்பா, இத்தினி கஷ்டப்பட்டு வரவழைச்ச குளுர நீயே தெருவுல விடுறியே, ஞாயமா?"

தோலுக்கு ஆகிற தண்ணீர்

அடுத்தது வாணியம்பாடியில் ஒரு டேனரி மேஸ்திரி வீடு. ஓயாமல் நனைகிற வேர் ஒருநாள் அழுகும். அது எங்கள் தொழிலில் சகஜம். மேஸ்திரிக்கு அது பொறுக்கவில்லை. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர் தோலை அழுகாமல் காப்பதை ஆயுசு முழுக்கப் பார்த்தவர். ஒரு பீப்பாய் பட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து மாடித் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

நான் குழாயைப் பார்க்கப் போன அன்று, அவர் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்தவர்களை, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தட்டிக்கு நேராகவே உட்காரவைத்திருந்தார். காற்று பலமாக அடிக்க, மாப்பிள்ளையின் அப்பா முதுகெல்லாம் பழுப்புப் புள்ளி. வீடு முழுக்க டேனரி வாடை. நல்லவேளை, வந்தவர்களும் தோல் தொழில்காரர்கள். வாடையை அவர்கள் கண்டுகொள்ளவே இல்லை. சிரிப்பை அடக்க முடியாமல் நான் மாடிக்கு ஓடினேன். பின்னாலேயே வந்த மேஸ்திரி கேட்டார். "தோலையே கெடாம வெக்கிற தண்ணி, இந்த வேரு இன்னா தோலவிட ஒசத்தியா?"

கலவையில் ஒரு மேகம்

கலவை என்கிற ஊரில் ஒரு நிலக்காரர் வீட்டில் தட்டி கட்டி முடித்த நிமிஷமே வானம் மூடிக்கொண்டது. காற்றிலேயே ஈரம் நிறைந்துவிட்டால் அது தட்டியிலிருந்து எதை உறிஞ்சும்? தண்ணீர் சொட்டியதுதான் மிச்சம். நான் மேகத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். நிலக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வாசலுக்கு வந்தார். "மழ வருதுன்னு நா சாமிக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன், நீ இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிற?"

கிழக்கு ஜன்னல்

கடைசியில் ஆம்பூர். தோல் வியாபாரி சாயபுவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மாதம் நெருங்கிவிட்டது, வெக்கையில் அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. தட்டி அவள் அறைக்குத்தான். மேற்கு ஜன்னலில் கட்டினேன். எதிரே இருந்த கிழக்கு ஜன்னலோ தெருவைப் பார்த்தது. பெண்கள் இருக்கிற அறையில் தெரு ஜன்னலைத் திறக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வக்கீல் வீட்டுப் புழுக்கம் அப்படியே இங்கேயும் வந்து உட்கார்ந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "அப்பாஜான், முன்னே வெறும் சூடு, இப்போ ஈரச் சூடு. இதுக்கு அதுவே தேவலாம்." சாயபு என்னைப் பார்த்தார். எனக்குக் கால் எரிய ஆரம்பித்துவிட்டது.

இருப்புக் கொள்ளாமல் வெளியே வந்து, அவருடைய டேனரிப் பக்கம் நடந்தேன். தோல் காயப்போடும் ஷெட் கண்ணில் பட்டது. சுவருக்குப் பதிலாகச் சாய்வாக அடித்த பலகைகள். அவற்றின் இடுக்கு வழியாகக் காற்று தாராளமாகப் போகும். வெளியே நிற்பவனுக்கு உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காக வேலைக்குப் போகவர அந்த ஷெட்டைத் தாண்டி நடந்தவன் நான். திரும்பி ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். "சாயபு, நம்ம ஷெட்டுப் பலகைய அந்த ஜன்னலுக்கு அடிச்சிடலாம். காத்து வெளிய போவும், கண்ணு உள்ள வராது."

 அவர் தன் ஷெட்டிலிருந்தே பலகைகளை வரவழைத்தார். தச்சர் அடித்து முடித்ததும், தானே தெருவில் நின்று குனிந்து பார்த்தார், எம்பிப் பார்த்தார், நாற்காலி போட்டு ஏறியும் பார்த்தார். அதற்கப்புறம்தான் உள்ளே ஜன்னல் கதவைத் திறக்கச் சொன்னார். நானும் தெருவில்தான் நின்றேன். பலகை இடுக்கு வழியாக வெட்டிவேர் மணத்தோடு காற்று வந்து என் முகத்தில் பட்டது. சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

மணம் பிடித்துக்கொண்டு அண்டை வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தார்கள். சாயபுவும் ஏறிநின்ற நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஷெட்டுப் பலகை தன் யோசனை என்று சொல்ல ஆரம்பித்தார். பேச்சு பலத்தது. அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து, பாதிக் கொட்டாவியோடு அந்தக் குரல் வந்தது. "அப்பாஜான், அங்கே பேச்சு ஜாஸ்தியா இருக்குது, கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லுங்க. எனக்குத் தூக்கம் வருது."

அன்றோடு சுண்ணாம்புத் தொட்டிக்கும் எனக்கும் இருந்த உறவு விட்டுப்போனது. ஆனால் இன்றைக்கும் மேகம் கறுத்தால் ஊரெல்லாம் சந்தோஷமாகக் குடையைத் தேட, நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன்.