ஒத்திகை என்று நினைத்தேன்

இல்லை, அழவில்லை. "ரொம்ப வேகமாச் சொல்றீங்கண்ணா, மறுபடியும் சொல்லுங்க" என்றுதான் சொன்னேன்.

செய்தியை யார் சொன்னார்கள், எப்படித் தாங்கிக்கொண்டாய் என்று நம் திரைப்படக் குழுவில் பலர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவரிடமும் எதையோ சொல்லிச் சமாளித்தேன். நடந்தது இதுதான். சனிக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு கிளிப்புகள். போன் அடித்தது. ஜமீலாவின் அண்ணன் சாதிக்.

"உசுரு போயிருச்சும்மா. ஆஸ்பத்திரி போற வழியிலயே."

அது எங்கள் குறும்படத்தின் வசனம். நானும் ஜமீலாவும் எழுதியது. சாதிக் அண்ணன்தான் அதைச் சொல்பவராக நடிக்கிறார். வாரக்கணக்காக அதே வரியை எனக்குப் போனில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். கிளிப்பை எடுக்காமலேயே, வேகம் அதிகம், இன்னொரு முறை என்றேன். எதிர்முனையில் ஓர் இடைவெளி. நல்ல இடைவெளி என்று நினைத்தேன். இப்படி விட்டுச் சொன்னால் போதும் என்று சொல்லவும் வாயெடுத்தேன்.

அவர் இன்னொரு முறை சொன்னார். பிறகு, "வித்யா. நம்ம ஜமீலாதாம்மா" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன். போனை வைத்தேன். மீதித் துணியையும் காயப்போட்டேன்.

நம் கூட்டங்களில் நீங்கள் பார்த்த ஜமீலா கடைசி வரிசையில் உட்காருவாள், படம் முடிந்ததும் முதல் கேள்வியைக் கேட்பாள். மற்ற நாட்களில் அவள் நாமக்கல்லில், லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்கும் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பிறகு அண்ணனும் அவளும்தான் கடை. சேலத்தில் எம்.ஏ. படிக்கும்போது எனக்குப் பக்கத்து இருக்கை. படிப்பு முடிந்து நான் திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தப் போனேன், அவள் கடைக்குத் திரும்பினாள். அதிலிருந்து என்னை "ஏனுங்க புரபசர்" என்றுதான் கூப்பிடுவாள். இருபத்தொன்பது வயது. ஒரு நோயும் இல்லை. அன்று காலை ஷட்டரைத் தூக்கிவிட்டு, தலை வலிக்குது என்று உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக மருத்துவர் சொன்னாராம்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டேன். எனக்கு இன்னும் புரியவில்லை.

படம் அந்தக் கடையில்தான் பிறந்தது. திருச்செங்கோட்டிலிருந்து ஒரு ரிக் ஆபீஸின் மேனேஜர் தார்ப்பாய் வாங்க வந்திருக்கிறார். போர்வெல் போடும் அந்த வண்டிகள் வருஷத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ கிடக்கும், ஆட்களும் அங்கேயே கிடப்பார்கள். விலை பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்து, பச்சையைக் காட்டுங்க, நீலத்தைக் காட்டுங்க என்று வெகுநேரம் பார்த்தார். கிளம்பும்போதுதான், வண்டியில் வேலை பார்த்த பையன் ஒருவன் இறந்துபோன செய்தி அது என்று சாதிக் அண்ணனிடம் சொன்னார்.

அன்று மாலை ஜமீலா என்னைக் கூப்பிட்டாள்.

"சாவுச் செய்தியைக் கேட்டுட்டு வந்து பச்சையா நீலமான்னு பாக்கறாருடி."

"அதிர்ச்சியா இருந்திருக்கும்."

"அதில்ல. அடுத்து அவர்தான் அந்தப் பையன் ஊட்டுக்குச் சொல்லணும். அதைத் தள்ளிப்போடத்தான் தார்ப்பாய் பாத்தாரு. பக்கத்துல பாத்திரக்கடை இருந்திருந்தா அண்டா கூட வாங்கியிருப்பாரு."

சொல்ல வேண்டிய ஒருவரின் ஒரு காலைப்பொழுது. கதை அவ்வளவுதான். இறந்தவனைக் காட்ட மாட்டோம். இறந்த இடத்தைக் காட்ட மாட்டோம். மேனேஜர் டீ குடிப்பார், வண்டிக்குக் காற்றடிப்பார், முடி வெட்டிக்கொள்வார். கடைசியில் போனை எடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி நாமக்கல் போவேன். கடையின் பின்பக்கம், தார்ப்பாய்ச் சுருள்களின் மேல் உட்கார்ந்து எழுதுவோம். என் முதல் வடிவத்தில், ரிக் வண்டியிலிருந்து புழுதி கிளம்பும், மேனேஜர் அதைப் பார்த்தபடி நிற்பார், "சாம்பல் நிற மௌனம்" என்று எழுதியிருந்தேன். ஜமீலா அதை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"ஏம்மா, அந்த மௌனம் எந்தக் கடையில கெடைக்கும்? வாங்கியாறேன்" என்றார் சாதிக்.

"புரபசர் ஊட்ல நெறைய வெச்சிருக்காங்க" என்றாள் ஜமீலா. பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்ல அவன் கையில ஒரு வேலையைக் குடு. வசனத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். எந்தக் காட்சியைக் கொண்டுபோனாலும் அவளுடைய கேள்வி அதுதான். இவன் கையில் என்ன இருக்கிறது. பதில் இல்லையென்றால் படிக்கவே மாட்டாள். நான் "அவள் அழுகிறாள்" என்று எழுதிய இடத்தை அடித்துவிட்டு, "அது அவ வேலை, நீ எழுதாத" என்றாள்.

அவளுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. இறந்த பையனின் கல்யாணத்தைக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மேளம், பந்தல், பெண்ணின் வெட்கம், எல்லாம். வேண்டாம் என்று நான் விடாமல் சண்டை போட்டேன். ஒரு ஞாயிறு நான் போனபோது அந்தப் பக்கங்கள் இல்லை. "ஒரு கல்யாணத்தை நிறுத்திப்புட்ட. பாவம் உன்னச் சேரட்டும்" என்றாள். அன்று முழுவதும் என்னோடு சரியாகப் பேசவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

பையனின் மனைவியாக நடிக்க மோகனூர்ப் பக்கத்திலிருந்து பாவாயி அக்காவைப் பிடித்தாள். கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர். கூரைக்குப் போட ஒரு தார்ப்பாய் வாங்க வந்தவரின் குரல் ஜமீலாவுக்குப் பிடித்துப்போயிற்று. நடிக்கிறீங்களா என்று கேட்டதற்கு, "நடிக்காம எப்பிடிச் சாமி குடும்பம் நடத்தறது" என்றாராம்.

ஒத்திகைக்கு ஜமீலா ஒரு விதி வைத்தாள். நேரில் கூடாது. "எதிர்ல நின்னா மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சிருது. செய்தி அப்பிடி வராதுடி. எதையாச்சும் செஞ்சிட்டிருக்கறப்பதான் வரும்." ஆகவே சாதிக் அண்ணன் வியாபாரத்துக்கு நடுவே, முன்கூட்டிச் சொல்லாமல், பாவாயி அக்காவைக் கூப்பிட வேண்டும். அவர் கிடைக்காத நாட்களில் என்னை. போனை எடுத்ததும் சாப்பிட்டாச்சா, மழை உண்டா என்று இழுக்க வேண்டும், கடைசியில் அந்த வரியைச் சொல்ல வேண்டும். வைத்த மறுநிமிடம் ஜமீலா கூப்பிடுவாள்.

"என்ன பண்ணிட்டிருந்த?"

"தலைக்கு எண்ணெய் வெச்சுட்டிருந்தேன்."

"கேட்டதும் கையி நின்னுச்சா?"

"இல்ல."

"பாத்தியா."

பரீட்சை அறையின் வாசலில், பஸ்ஸில், ஸ்டாஃப் மீட்டிங்கில் என்று எங்கெல்லாமோ அந்த மரணச் செய்தி எனக்கு வந்திருக்கிறது. "தெனம் ஒருத்தனைக் கொல்லுன்னு சொல்றா. யாவாரம் பாக்க வேண்டாமா?" என்று அலுத்துக்கொள்வார் சாதிக். பாவாயி அக்காவோ சில நாள், குரலைக் கேட்டதுமே, "என்ன சாமி, இன்னைக்கும் செத்துப்போயிட்டானா?" என்று கேட்டுவிடுவார். ஜமீலா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. சாதிக் அண்ணனுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, வரி தானாகவே மெதுவாக வந்தது. பாவாயி அக்கா கரும்புக் கட்டு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டுவிட்டு, "சரிங்க. வெச்சரட்டுங்களா?" என்றார். வைத்துவிட்டார்.

படம் இதில்தான் முடிய வேண்டும் என்றாள் ஜமீலா. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்தம்மாவுக்குப் புரியலன்னுதான் பாக்கறவங்க நினைப்பாங்க."

"புரிஞ்சதாலதாண்டி சொல்றாங்க. அந்தப் பக்கம் சொல்லிட்டு நிக்கறானே, அவனை உட்டுர்றாங்க. போ சாமி, உன் வேலை முடிஞ்சுதுன்னு."

"இது நீ சொல்ற விளக்கம். திரையில யார் வந்து சொல்லுவா?"

"யாரும் சொல்ல வேண்டாம். வாய்ல அது வந்தவங்களுக்குத் தெரியும்."

முடிவாகவில்லை. திரைக்கதையின் கடைசியில் அவளுடைய முடிவும் என்னுடைய முடிவும் அடுத்தடுத்து இருந்தன. என்னுடையதில் அந்தப் பெண் போனைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் ஓடுவாள். படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை மாலை அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "சீன் ஏழுல கதவு வேண்டாம்." சீன் ஏழில் இரண்டு கதவுகள் உண்டு. எது என்று காலையில் கேட்கலாம் என்று படுத்துவிட்டேன்.

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் அந்தக் கதவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன். சலூன் கதவா, ஆபீஸ் கதவா. வேறு நினைப்பு வரவில்லை.

வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்து, "வந்துட்டியா கண்ணு. பஸ் கெடைச்சுதா?" என்றார். குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. கை தெரியவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல, யாரோ என்னை மெல்ல நகர்த்தினார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு கபர்ஸ்தானுக்குப் போனார்கள். நாங்கள் வாசலோடு நின்றோம். தெரு திரும்பும் இடம் வரை வெள்ளைத் தொப்பிகள். பிறகு ஒரு டெம்போ வந்து ஹாரன் அடித்தது. வழிவிட்டு ஒதுங்கினோம்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்த சாதிக் அண்ணன், பூட்டிய கடையின் படியில் வந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவரே ஆரம்பித்தார். "யோசிச்சுத்தான் போன் போட்டேன். ஆனா வாயில அந்த வரிதாம்மா வந்துச்சு. வேற எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"நான் மறுபடியும் சொல்லச் சொன்னேன்."

"ஆமா. சொன்னேன்."

"அண்ணா..."

"உடும்மா. அவ இருந்தா என்ன கேப்பா? நீ என்ன பண்ணிட்டிருந்தன்னு கேப்பா."

"துணி காயப்போட்டுட்டிருந்தேன்."

தலையாட்டினார். பிறகு, பாவாயி அக்காவுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்றார். மறுநாள் படப்பிடிப்பென்று முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுவார்.

"மத்தியானம் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் சிரிக்கறாங்க. 'ஏஞ் சாமி, அதான் நாளைக்கு எடுக்கப் போறீங்கல்ல, அப்ப அழுதுக்கறேன். இப்ப கரும்புச் சோகை உரிச்சிட்டிருக்கேன்'ங்கறாங்க. வெச்சுட்டேன். நான் அழுதாலும் நம்ப மாட்டாங்கம்மா. நல்லாப் பண்றேன்னு சொல்லுவாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இனி அந்த வரியை நான் சொல்ல மாட்டேன். படத்துக்கும் சொல்ல மாட்டேன். என்னை உட்ருங்க."

நீங்கள் சொல்ல வேண்டாம் அண்ணா என்றேன்.

படம் எடுக்கப்படுமா என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. எழுதியது என்னிடம் இருக்கிறது. சீன் ஏழில் இரண்டு கதவுகளையும் எடுத்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் வரப்பில் ஓடும் பெண்ணையும் எடுத்துவிட்டேன். "சரிங்க. வெச்சரட்டுங்களா?" இருக்கிறது. ஜமீலாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாடியில் அந்தச் "சரிங்க" என் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன்.

ஒரு சாவில் எல்லோரும் செய்தியைக் கேட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் அதைச் சொல்லிவிட்டு நின்றவரைப் பார்த்தாள். அவரும் அன்று காலை எழுந்து, பல் தேய்த்து, வேலைக்கு வந்த ஒருவர்தான் என்று பார்த்தாள். அந்தப் பார்வையை வைத்துக்கொள்கிறேன். என் எழுத்தில் அது இதுவரை இல்லை.

அடக்கம் முடிந்த அன்று மாலையே மோகனூர் பஸ் ஏறினேன். இறங்கி, நாலு பேரிடம் விசாரித்து, பாவாயி அக்கா வீட்டைக் கண்டுபிடித்துப் போய், உள்ளே உட்கார்ந்து, சொன்னேன்.