மாலூரில் நின்ற வண்டி

ஆண்டர்சன்பேட்டைக்குப் போய் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எம்.காம் படித்தவள், பேங்கில் உத்தியோகம் என்று அடையாளம் சொன்னாலும் தலையைச் சொறிவார்கள். "பார்லர்க்காரம்மா தங்கச்சியா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று யாராவது கேட்ட பிறகுதான் உட்கார நாற்காலி வரும். எனக்கு இதில் துளிகூட வருத்தம் கிடையாது. இப்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் அக்காவைப் பற்றிப் பெருமையடிக்க உட்கார்ந்தேன் என்றால் லேசில் எழுந்திருக்கமாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.

அக்கா பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ஊரிகத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு ஒன்றில் இருந்தோம். சுரங்கத்தை மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நைனா அங்கே ஷாஃப்ட் என்கிற இறங்குகுழியின் வாயிலில் மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டு கீழே இறங்குவதும் மேலே வருவதும் அவர் அடிக்கிற மணியில்தான். மூடிய பிறகு ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடியும் முன்னே ரயில் பிடித்து பெங்களூர் போய்வந்தார். அங்கே கண்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் செக்யூரிட்டி. அந்தக் கட்டிடத்தில் இருக்கிற லிஃப்ட் எங்கள் கேஜ் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே மூன்று பக்கமும் கண்ணாடி என்று ஒரு நாள் அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதில் ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்பதுதான் என் வாழ்க்கையின் லட்சியம்.

அக்கா முதல் வகுப்பில் பாஸானாள். நைனா ரயில் பெட்டி முழுக்க இனிப்பு கொடுத்தார். பி.காம் சேர்க்கப்போகிறேன், எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்று கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். பௌர்ணமிக்கு விகாரையில் பேசச் சொன்னபோது புத்தரை இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நெடுநேரம் பேசினாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

எல்லாம் அக்கா வாயைத் திறக்கும் வரைதான். இரண்டு லீவாக அவள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பார்லரில் கூடமாட உதவிக்கொண்டிருந்தாள். எங்கள் லைனில் அவள் கை படாத புருவமே கிடையாது. பெங்களூரில் ஒரு வருஷத்துக்கு பியூட்டிஷியன் பயிற்சி இருக்கிறது, காலேஜ் வேண்டாம், அதில் சேருகிறேன் என்றாள். சோற்றில் கை வைத்திருந்த நைனா அப்படியே எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அப்பனும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். லைன் வீடு என்பது மொத்தமே ஒன்றரை அறை. ஒருவர் தும்மினால் இன்னொருவர் மேல் தெறிக்கும். அதற்குள் இருந்துகொண்டு அம்மா வழியாகத் தூது. அவ சாப்பிட்டாளா கேளு என்பார் நைனா. சாப்பிட்டேன்னு சொல்லும்மா என்பாள் அக்கா. அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நீங்க ரெண்டு பேரும் பேசுறது எனக்கும் நல்லா கேக்குது என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வாள். காலேஜில் சேர்க்கை அந்த வார இறுதியோடு முடிகிறது. அக்கா அசைகிற வழியாக இல்லை.

கடைசியில் நைனாவே வாயைத் திறந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. மெதுவாகப் பேசினார்.

"எங்க தாத்தா வேலூர் பக்கம் இருந்தவரு. நீ இந்த வேலதான் செய்யணும்னு ஊரே அவர்கிட்ட சொல்லிச்சி. மாட்டேன்னு வந்துதான் இந்தக் குழியில எறங்கினாரு. நீ இன்னாடான்னா இன்னொருத்தி காலக் கழுவி நெகம் வெட்டுறேன்ற."

அக்கா தலையைக் குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அவருக்கு ஊரு சொல்லிச்சி நைனா. எனக்கு யாரும் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

நாளைக்கு என்னோடு பெங்களூர் வா, டிகிரி படித்தவர்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று உன் கண்ணாலேயே பார், பார்த்துவிட்டு அப்புறம் சொல் என்றார் நைனா. அவர் எந்தக் கட்டிடத்தைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. லிஃப்ட். நானும் வருவேன் என்று தரையில் விழுந்து புரண்டேன். பள்ளிக்கூடம் லீவு, அம்மாவுக்கும் கொஞ்சம் நிம்மதி, கூட்டிப்போங்கள் என்று அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் இருட்டோடு ஊரிகம் ஸ்டேஷனில் ஏறினோம். எங்கள் இருவரையும் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு நைனா அடுத்த பெட்டிக்குப் போனார். அந்தப் பெண்கள் பெட்டி இருக்கிறதே, அது ஒரு தனி ஊர். வீட்டில் நேரமில்லாமல் ஓடிவந்தவர்கள் எல்லாரும் அதற்குள்தான் தலை வாரி, பூ வைத்து, பவுடர் போட்டு, புடவை மடிப்பைச் சரிசெய்து ஆளாவார்கள். ஏறும்போது தூக்கக் கலக்கத்தில் இருந்த பெண் இறங்கும்போது ஆபீஸர் மாதிரி இறங்குவாள். எனக்கு வேடிக்கை தாங்கவில்லை.

எங்கள் பக்கத்து லைன் அத்தை அதில் இருந்தார். ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. அங்கேயே வரவேற்பில் உட்கார ஆள் எடுக்கிறார்கள், இவர் மூன்று பாஷை பேசுவார் என்று யாரோ சொல்லிவிட, அன்றைக்குக் காலையில் இண்டர்வியூ. அக்காவைப் பார்த்ததும் அவருக்குத் தெய்வத்தைப் பார்த்த மாதிரி.

"ஏ பொண்ணே, இந்தப் புருவத்த மட்டும் கொஞ்சம் பாரேன். காடு மாதிரி கெடக்குது."

அக்காவின் பையில் நூல்கண்டு இல்லாத நாளே கிடையாது. ஆனால் ஓடுகிற வண்டியில் நூல் வைக்க முடியாது, தோல் கிழிந்துவிடும் என்றாள். அதற்கென்ன, பங்காரப்பேட்டையில் வண்டி எப்படியும் நிற்கும், ஏதோ ஒரு எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுவிட்டுத்தான் கிளம்பும், அதற்குள் நாலு பேருக்குச் செய்யலாம் என்றார்கள் எல்லாரும். தினமும் அந்த வண்டியில் போகிறவர்கள் அல்லவா, ரயில்வேக்காரர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

பங்காரப்பேட்டை வந்தது, வண்டி நின்றது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் நெற்றியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அக்கா நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள். கிர்ர் கிர்ரென்று சத்தம். பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒரு புருவம் முடிந்தது. அவள் நிமிர்ந்து கழுத்தைச் சொடுக்கிவிட்டு அடுத்ததற்கு நூலை மாற்றிக்கொண்டிருக்கும்போது, எங்களுக்கு டீ வாங்கிக்கொண்டு நைனா ஜன்னலுக்கு வந்தார். டீயை நான் கையை நீட்டி வாங்குகிறேன், வண்டி நகர்கிறது. அன்றைக்குப் பார்த்து அந்த எக்ஸ்பிரஸ் முன்னாடியே போய்விட்டதாம். டீ என் பாவாடையில் கொட்டியது. நைனா அத்தையை ஒரு பார்வை, அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பெட்டிக்கு ஓடினார்.

அத்தை கண்ணைத் திறந்தார். யாரோ கைக்கண்ணாடியை நீட்டினார்கள். ஒரு பக்கம் வில்லாக வளைந்திருந்தது. மறு பக்கம் பழைய காடு. ஒரு கண் கேள்வி கேட்டது, மற்றது எனக்கொன்றும் தெரியாது என்றது. முதலில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அத்தையும்தான் சிரித்தார், பிறகு அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். இதற்கு அந்தக் காடே தேவலையே, இந்த மூஞ்சியோடு எப்படிப் போய் உட்காருவேன் என்றார். ஒயிட்ஃபீல்டில் இறங்கியதும் ஆஸ்பத்திரி வேன் தயாராக நிற்கும், ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காது. அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் நின்றதும் கிளம்புகிற ஸ்டேஷன்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு நேரம் வேணும், கொஞ்ச நேரம் வண்டி நின்னா போதும் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தெரிந்தவர் தாமதமாக ஓடிவந்தால், ஆண்கள் பிளாட்பாரத்தில் இறங்கி நின்று கார்டைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். கார்டும் கண்டும் காணாமல் கொஞ்சம் பொறுப்பார். எல்லாரும் இதைச் செய்வார்கள், நைனாவைத் தவிர. கேஜ் யாருக்காகவும் நிற்காது, மணி அடித்தால் அடித்ததுதான் என்பது அவர் கட்சி. அவருக்கு உயிர்ச் சிநேகிதர் ஒருவர் ஸ்டேஷன் பாலத்தின் மேல் ஓடிவந்தபோதும், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் என்று ரயிலில் இன்றைக்கும் கதை சொல்வார்கள்.

புருவத்துக்காக வண்டியை நிறுத்து என்று எந்த ஆம்பிளையிடம் சொல்வது? பெண்கள் கூடிப் பேசி ஒரு பொய்யைத் தயார் செய்தார்கள். அதைச் சொல்ல நான்தான் சரி என்று முடிவானது. சின்னப் பிள்ளை சொன்னால் நம்புவார்களாம். டேகல் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அடுத்த பெட்டியைப் பார்த்துக் கத்தினேன்.

"நைனா, இங்க ஒருத்தங்களுக்கு மயக்கம். அடுத்து மாலூர்ல வண்டி கொஞ்சம் நிக்கணுமாம்."

நைனாவின் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. என்னைப் பார்த்தார். சரி என்று தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார்.

மாலூரில் வண்டி நின்றும் நிற்காததுமாக நைனா பிளாட்பாரத்தில் குதித்தார். எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கார்டைப் பார்த்து வலது கையை உயரத் தூக்கினார். செக்யூரிட்டி யூனிஃபார்மில் ஆள் பார்க்கப் போலீஸ் மாதிரியே இருந்தார். அவர் கை தூக்கி ஒரு நாளும் பார்த்திராத கார்டு, என்னவோ ஏதோ என்று கொடியை இறக்கிக்கொண்டார். அடுத்த பெட்டி ஆண்கள் கதவில் தொங்கிக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். உள்ளே அக்கா குனிந்திருந்தாள். அவள் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு முடியாக, எந்தப் பரபரப்பும் இல்லாமல் எடுத்தாள். கடைசியில் கட்டைவிரலால் புருவத்தை ஒரு தடவை தடவிவிட்டு, "ஆச்சு" என்றாள்.

நைனா கையை இறக்கினார். வண்டி நகர்ந்தது. அத்தை ஒயிட்ஃபீல்டில் இறங்கிப் போனபோது பின்னாலிருந்து பார்த்தாலே தெரிந்தது, அந்த வேலை அவருக்குத்தான் என்று. அப்படியே கிடைக்கவும் செய்தது. புருவத்தாலா கிடைத்தது என்று கேட்டால் பின்னே என்னவாம் என்பார் இன்றைக்கும்.

கண்டோன்மென்டில் இறங்கினோம். நைனா எங்களுக்குத் தோசை வாங்கிக் கொடுத்தார். கண்ணாடிக் கட்டிடம் தெருமுனையில் பளபளவென்று தெரிந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுக்கிறேன், அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு பழைய நைனாவாகப் பேசினார்.

"அந்தப் பயிற்சி எங்கன்னு சொன்ன? வா, போயி பாத்துட்டு வரலாம்."

அக்கா வாய்விட்டு அழுதாள், நடுரோட்டில். நானும் அழுதேன், லிஃப்ட் போச்சே என்று. அன்றைக்கு நைனா வேலைக்குப் போகவில்லை. மூன்று பேருமாகப் போய் அக்காவைச் சேர்த்துவிட்டு வந்தோம். அடுத்த நாளிலிருந்து அவர் ரயிலில் பேசிய பேச்சு இருக்கிறதே, டிகிரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், என் பொண்ணு மாதிரி கை யாருக்கு வரும் என்று. இனிப்பு வாங்கித் தின்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும் வண்டியில் நான் நைனாவின் மடியில் சாய்ந்துகொண்டு, யாருக்கும் மயக்கமே இல்லை, நான் சும்மா சொன்னேன் என்று ரகசியத்தை உடைத்துவிட்டேன். அடிக் கள்ளி, என்னையே ஏமாத்திட்டியா என்று கண்ணை உருட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஷாஃப்டில் மணி அடித்த மனுஷனையே ஏமாற்றியவள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். காலேஜிலும் சொன்னேன். போன மாதம் பேங்கில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவரிடம் இதே கதையைச் சொன்னபோது, அவர் சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாக ஒன்று கேட்டார். பெண்கள் பெட்டியில் மயக்கம் என்று நீங்கள் கத்தியதும் உங்கள் அப்பா, யாருக்கு என்று கேட்கவில்லையா என்றார்.

கேட்கவில்லை. இரண்டு மகள்களையும் அந்தப் பெட்டியில் ஏற்றிவிட்டவர். மயக்கம் யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. மாலூரில் அத்தனை நேரம் நின்றவர், ஒரு தடவைகூடத் திரும்பி உள்ளே பார்க்கவும் இல்லை.